மண்ணுக்கு அடியில் ரோம் – 9: செரியாலிஸ் புகுந்த கோட்டை

இரண்டே நாள். கமுலோடுனத்தில் கிளாடியஸ் கோயிலுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டவர்கள் அவ்வளவுதான் தாக்குப்பிடித்தார்கள் என்று போன வாரம் பார்த்தோம். ஊரைச் சுற்றி மதில் கிடையாது. வரி அதிகாரி டெசியானஸிடம் ஆள் கேட்டால் இருநூறு பேருக்கு மேல் அனுப்பவில்லை. வந்தவர்களிடமும் ஒழுங்கான ஆயுதம் இல்லை. ஆளுநர் பவுலினஸோ பிரிட்டன் தீவின் மறுகோடியில், மோனாவில், ட்ரூயிட் பூசாரிகளின் கூட்டத்தோடு போரிட்டுக்கொண்டிருந்தார்.

ஆனாலும் ஒரு படை கிளம்பியிருந்தது. வடமேற்கிலிருந்து கமுலோடுனத்தை நோக்கி, எவ்வளவு வேகமாக நடக்க முடியுமோ அவ்வளவு வேகமாக வந்துகொண்டிருந்தது. ரோமின் ஒன்பதாம் படையணி அது. தளபதியின் பெயர் குவின்டஸ் பெட்டிலியஸ் செரியாலிஸ். துணிச்சல்காரர். யோசிப்பதற்கு முன்பே குதிரையில் ஏறிவிடுகிற ரகம்.

அவர் கோயிலை வந்தடையவே இல்லை. ரோமை எதிர்த்துக் கிளம்பிய ஐசினி அரசி பூடிக்காவின் மக்கள் வழியில் எதிர்கொண்டார்கள். ஐசினிகளும் அவர்களோடு சேர்ந்துகொண்ட டிரினோவாண்டிகளும். அரசன் இறந்ததும் நாட்டைச் சூறையாடி, அரசியைச் சாட்டையால் அடித்து, அவள் மகள்களைச் சீரழித்த ரோமானியர்மீது அவர்களுக்கு இருந்த கோபத்தின் அளவை நாம் ஏற்கெனவே அறிவோம். ஒன்பதாம் படையணியின் காலாட்கள் ஒருவர் மிச்சமில்லாமல் வெட்டிச் சாய்க்கப்பட்டார்கள். செரியாலிஸ் குதிரைப்படையோடு தப்பித் தன் பாசறைக்கு ஓடினார். அதன் அரண்களுக்குப் பின்னால் பதுங்கி உயிர் பிழைத்தார்.

இதைச் சொல்கிறவர் டாசிட்டஸ். அவருடைய ஆண்டுக் குறிப்புகளில் 14-ஆம் புத்தகத்தில் வருகிறது. ஒரு படையணியின் பேரழிவுக்கு இரண்டு வாக்கியம். எந்தப் பாசறை? எந்த ஆற்றங்கரை? கமுலோடுனத்திலிருந்து எத்தனை நாள் தூரம்? ஒன்றும் இல்லை. இத்தனைக்கும் டாசிட்டஸின் மாமனார் அக்ரிகோலா அந்தக் கலகத்தின்போது பிரிட்டனில், பவுலினஸின் கீழ் இளம் அதிகாரியாகப் பணியில் இருந்தவர். கேட்டால் சொல்லியிருப்பார். டாசிட்டஸுக்கு மனிதர்களின் அச்சமும் பேராசையும்தான் முக்கியம்; வரைபடத்தில் அவருக்கு ஆர்வமே கிடையாது. அதற்கு நாம் கொடுத்த விலை கொஞ்சம் அதிகம். செரியாலிஸ் ஓடிப் புகுந்த இடம் எது என்ற கேள்விக்கு ஏறத்தாழ 1,900 ஆண்டுகள் விடையே இல்லாமல் போனது.

விடை ஆகாயத்திலிருந்து வந்தது.

*

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கென்னத் செயின்ட் ஜோசஃப் என்று ஒரு நிலவியல் ஆசிரியர் இருந்தார். இரண்டாம் உலகப்போரின்போது விமான உற்பத்தி அமைச்சகத்தில் வேலை பார்த்தவர். விமானப்படை எடுத்து வந்த படங்களில் வயல்களுக்குள் விசித்திரமான வட்டங்களும் சதுரங்களும் தெரிவதைக் கவனித்தார். போர் முடிந்த 1945-லேயே விமானப்படையின் துணையோடு தானே பறக்க ஆரம்பித்துவிட்டார். 1949-இல் பல்கலைக்கழகம் வான்படங்களுக்கென்று ஒரு குழுவை அமைத்து அவரையே பொறுப்பாளராக்கியது. அதன்பின் முப்பது ஆண்டுகள் ஒவ்வொரு கோடையிலும் பிரிட்டனின் வயல்களுக்கு மேலே கேமராவோடு சுற்றினார். புத்தகங்களில் இல்லாத ரோமானியக் கோட்டைகளையும் பாசறைகளையும் இத்தனை கண்டுபிடித்தவர் அந்த நாட்டில் இன்னொருவர் இல்லை.

அவர் மேலிருந்து பார்த்தது என்ன? கோட்டை அல்ல. வெறும் பயிர்.

நம் ஊர் விவசாயிகளுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பழைய எருக்குழியைத் தூர்த்து உழுதுவிட்டால், அடுத்த பருவத்தில் அந்த இடத்துப் பயிர் மட்டும் கருகருவென்று தழைத்து நிற்கும். அதே கதைதான். ரோமானியப் படைவீரன் தோண்டிய அகழி, கோட்டை கைவிடப்பட்டதும் தூர்ந்துபோகிறது. மழை கொஞ்சம், சரிந்த கரை கொஞ்சம், பின்னால் வந்த உழவனின் கலப்பை கொஞ்சம் என்று மண் சேர்ந்து சில நூறு ஆண்டில் தரை சமமாகிவிடும். தரையில் நின்று பார்த்தால் ஒரு பள்ளம்கூடத் தெரியாது. ஆனால் அகழிக்குள் இறங்கிய மண் இளகிய, சத்துள்ள மேல்மண். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சுற்றியிருப்பதோ சரளை.

நல்ல மழை பெய்யும் ஆண்டில் இந்த வித்தியாசம் வெளியே வராது. வயல் முழுக்க ஒரே பச்சை. மழை பொய்க்க வேண்டும். ஜூன், ஜூலையில் வெயில் ஏற ஏற, சரளைமேல் நிற்கும் கோதுமையும் பார்லியும் ஈரம் போதாமல் சீக்கிரமே மஞ்சளிக்கத் தொடங்கும். அகழிக்கு மேலே உள்ள பயிரின் வேர் ஆழத்துக்கு இறங்கி நீர் குடித்துக்கொண்டிருக்கும். அது உயரமாக, பச்சையாக நிற்கும். மஞ்சள் வயலில் கரும்பச்சைக் கோடு. கீழே கல்சுவர் இருந்தால் இதற்கு நேர்மாறு. அந்த இடத்துப் பயிர் குட்டையாகிக் காயும். இந்தக் காட்சிக்குச் சில வாரம்தான் ஆயுசு. எல்லாப் பயிரும் பழுத்துவிட்டால் கோடு மறைந்துவிடும். அறுவடை முடிந்தால் கேட்கவே வேண்டாம். வயலுக்குள் நடப்பவனுக்கு இது கண்ணில் படாது. அவனுக்கு அங்கங்கே பயிர் செழித்திருப்பதுதான் தெரியும்.

பூடிக்காவின் கதைக்கும் இந்தக் கலைக்கும் முதல் தொடர்பு 1928-லேயே ஏற்பட்டுவிட்டது. கலகம் அடங்கிய பிறகு ஐசினி மக்களின் நாட்டில் ரோமானியர் உண்டாக்கிய ஊர் வென்டா ஐசெனோரம். நார்ஃபோக் மாவட்டத்தில் நாரிச் நகருக்குத் தெற்கே இருக்கிறது. மதில் மட்டும் வெளியே தெரிந்தது, உள்ளே விளைநிலம். 1928-இன் வறண்ட கோடையில் விமானப்படை எடுத்த படத்தில் அந்த நிலத்துக்குள் ஒரு நகரமே எழுந்து நின்றது. குறுக்கும் நெடுக்குமாகத் தெருக்கள், கட்டடங்களின் அடிச்சுவர்கள். அடுத்த ஆண்டு ‘தி டைம்ஸ்’ நாளிதழ் அந்தப் படத்தை வெளியிட்டது. அகழாய்வுக்கு உடனே வழி பிறந்தது. தோற்கடிக்கப்பட்ட மக்களுக்கு வெற்றி பெற்றவன் போட்டுக்கொடுத்த தெருக்கள் அவை என்பதை நினைத்துக்கொண்டுதான் நான் அந்தப் படத்தைப் பார்ப்பேன்.

நம் செரியாலிஸின் விஷயத்தில் இன்னும் 33 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

*

1961. பீட்டர்பரோ நகருக்கு மேற்கே, லாங்தார்ப் என்ற ஊருக்கு அருகே, நென் ஆற்றின் வடகரையில் உள்ள வயல்களுக்கு மேல் செயின்ட் ஜோசஃபின் விமானம் பறந்தது. கீழே இரண்டு கருங்கோடுகள். ஒன்றுக்கொன்று இணையாக, நூல் பிடித்த மாதிரி நேராக ஓடின. ஓர் இடத்தில் மெல்ல வளைந்து மறுபடி நேராக ஓடின.

அந்த வளைவில்தான் விஷயம் இருக்கிறது. வேலி போடுகிற விவசாயி மூலையைக் கூராக முடிப்பான், அல்லது நிலம் போகிற போக்கில் கோணல்மாணலாக விடுவான். நான்கு பக்கமும் நேர்கோடாக ஓடி, நான்கு மூலையிலும் அளவாக வளைகிற இரட்டை அகழியை அந்தத் தீவில் ரோமானியப் படையைத் தவிர வேறு யாரும் வெட்டவில்லை. கூரிய மூலை சீக்கிரம் சரியும். அங்கே காவல் காப்பதும் கஷ்டம். அதனால் வளைத்தார்கள். பேரரசின் எந்தக் கோடிக்குப் போனாலும் ஒரே முறைதான். செயின்ட் ஜோசஃப் வெறும் படம்பிடிப்பவர் அல்ல. ரோமானியக் கோட்டைகளைத் தானே தோண்டிப் பார்த்தவர். அந்த வளைவைப் பார்த்த பிறகு அவருக்குச் சந்தேகம் இருந்திருக்காது.

அளந்து பார்த்தால் 27 ஏக்கர்.

இந்த எண் ஒரு தலைவலி. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் கொண்ட முழுப் படையணிக்கு 50 ஏக்கர் அளவில் கோட்டை கட்டுவது ரோமானிய வழக்கம். ஐந்நூறு அல்லது ஆயிரம் பேர் கொண்ட துணைப்படைப் பிரிவுக்கு ஐந்தாறு ஏக்கர் போதும். 27 ஏக்கர் என்பது இரண்டிலும் சேராது. அப்படியானால் அங்கே தங்கியிருந்தது யார்? பாதிப் படையணி. கூடவே குதிரைப்படை. வெற்றிகொண்ட புதிய நாட்டில் படையணிகளை இரண்டாக, மூன்றாகப் பிரித்துப் பல இடங்களில் நிறுத்துவது அன்றைய ராணுவத்தின் பழக்கம். பிரிட்டனில் இந்த அளவுக் கோட்டைகள் வேறு சிலவும் இப்படி வான்படத்தில் சிக்கியிருக்கின்றன.

இப்போது டாசிட்டஸிடம் திரும்புவோம். இடத்தைச் சொல்லாத அந்த மனிதர், சில பக்கம் தள்ளி ஒரு கணக்கை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார். கலகம் அடங்கியதும் நீரோ ஜெர்மனியிலிருந்து புதிய வீரர்களை அனுப்பினார்; அவர்களில் 2,000 படையணி வீரர்கள் வந்து சேர்ந்ததும் ஒன்பதாம் படையணியின் எண்ணிக்கை நிரம்பியது என்கிறார். (புதுக்கோட்டைப் பகுதியில் 1898-இல் கிடைத்த ரோமானியத் தங்கக் காசுப் புதையலில் முகம் காட்டுகிறாரே, அதே நீரோதான்.) காலாட்கள் எல்லோரும் மாண்டார்கள் என்று சொன்னவர், இழப்பை நிரப்ப இரண்டாயிரம் பேர் போதும் என்கிறார். முழுப் படையணியும் போயிருந்தால் ஐயாயிரம் பேர் தேவைப்பட்டிருக்கும். ஆகவே செரியாலிஸ் அன்று அழைத்துப் போனது முழுப் படையணியை அல்ல. அவசரத்தில் கைக்கு அகப்பட்ட பாதிப்படையை.

பாதிப்படை தங்குகிற கோட்டை. பாதிப்படை அழிந்த கதை. புத்தகத்தில் ஒன்று, வயலில் ஒன்று. கமுலோடுனத்துக்கு வடமேற்கே, நேர்கோட்டில் அளந்தால் சுமார் 110 கிலோமீட்டர். ஐசினி நாட்டின் மேற்கு எல்லைக்குப் பக்கம்.

பொருத்தம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பொருத்தம் சாட்சி ஆகாது. தோண்ட வேண்டும். அதற்குக் காலம் நெருக்கியது.

*

வயலில் கோடு தெளிவாகத் தெரிகிறது என்றால் அதற்கு இன்னோர் அர்த்தமும் உண்டு. மண்கரையைக் கலப்பை ஏற்கெனவே தின்றுவிட்டது. மேடு மிச்சமிருந்தால் மனிதன் கீழிருந்தே பார்த்திருப்பான். ஒவ்வோர் உழவிலும் கலப்பைக் கொழு இன்னும் கொஞ்சம் ஆழத்துக்குப் போகிறது. டிராக்டர் வந்தபிறகு இன்னும் அதிகம். மரக்கட்டடத்தின் எச்சம் என்பது மண்ணில் ஒரு சாண், இரண்டு சாண் ஆழத்துக் கறைதான். அதை உழுதுவிட்டால் போனது போனதுதான். தன்னைக் காட்டிக்கொடுக்கிற உழவாலேயே அழிகிற சான்று இது. வயல்களுக்கு மேல் பறந்தவர்கள் எல்லோரும் ஏன் அவ்வளவு அவசரப்பட்டார்கள் என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

லாங்தார்ப்புக்கு இன்னொரு நெருக்கடியும் வந்தது. 1967-இல் அரசு பீட்டர்பரோவைப் புதுநகராக அறிவித்தது. நகரம் விரிய ஆரம்பித்தால் வயல் எங்கே இருக்கும்? அதே ஆண்டு அகழாய்வு தொடங்கியது. செயின்ட் ஜோசஃபோடு சேர்ந்து அதை நடத்தியவர் ஷெப்பர்ட் ஃப்ரியர், ஆக்ஸ்போர்டு பேராசிரியர். பூடிக்கா கொளுத்திய மூன்று ஊர்களில் ஒன்றான வெருலாமியத்தை 1955 முதல் 1961 வரை தோண்டி, அவள் வைத்த தீயில் வெந்து சிவந்த களிமண்ணைக் கையால் தொட்டவர். எரிந்த ஊரைத் தோண்டியவர், அதைக் காப்பாற்ற முடியாமல் போன படையின் கோட்டையைத் தோண்ட வந்தார்.

1973 வரை வேலை நடந்தது. கல் கிடைக்கவில்லை, கல் அங்கே எப்போதும் இருந்ததில்லை. எல்லாம் மரம். மரம் மக்கிவிட்டது, ஆனால் அது ஊன்றி நின்ற நீண்ட பள்ளம் சரளை மண்ணில் வேறு நிறமாகத் தெரிந்தது. கரணையால் மண்ணை மெல்லியதாகச் சீவிக்கொண்டே போனால் ஒரு சுவரின் தடம் வரும், அதற்குச் செங்குத்தாக இன்னொன்று வரும். இப்படித் தடம் தடமாகத்தான் கட்டடங்களின் வரைபடம் உருவானது. காலாட்படையின் சாமான்களும் குதிரைப்படையின் சாமான்களும் ஒரே கோட்டைக்குள் கலந்து கிடைத்தன. டாசிட்டஸின் செரியாலிஸிடமும் இரண்டும் இருந்தன என்பதை வாசகர் மறந்திருக்க மாட்டார்.

கோட்டைக்கு வெளியே கிழக்குப் பக்கம் மட்பாண்டச் சூளைகள் இருந்தன. ராணுவத்துக்கென்றே சட்டியும் ஜாடியும் சுட்ட இடம். இவர்கள் கூடாரம் அடித்து நாலு நாள் தங்கிவிட்டுப் போகிறவர்கள் அல்ல, ஆண்டுக்கணக்கில் இருக்க வந்தவர்கள். கிடைத்த பாண்டங்களை வைத்துக் காலம் கணித்தார்கள். கோட்டை கட்டப்பட்டது கி.பி. 40-களின் இரண்டாம் பாதி வாக்கில். கைவிடப்பட்டது கி.பி. 60-களின் தொடக்கத்தில்.

பூடிக்காவின் கலகம் கி.பி. 60 அல்லது 61.

இதற்குப் பிறகு வருவதுதான் எனக்கு இந்த அகழாய்விலேயே மறக்க முடியாதது. அந்த 27 ஏக்கர் கோட்டைக்கு உள்ளேயே இன்னோர் அகழி. அதுவும் செவ்வகம், அதுவும் மூலை வளைந்தது. கோட்டைக்குள் ஒரு கோட்டை. அளவு 11 ஏக்கர். சிறியது முதலில் இருந்து பெரியது பின்னால் அதைச் சுற்றி எழுந்ததா, அல்லது பெரியது சுருங்கிச் சிறியதாயிற்றா? பெரியதுதான் முதலில், சிறியது பின்னால் வந்தது என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தார்கள்.

நன்றாக இருக்கிற ஒரு கோட்டைக்கு உள்ளே எந்தப் படை புதிதாக அகழி வெட்டும்?

27 ஏக்கர் கோட்டையின் சுற்றளவு ஏறத்தாழ 1,300 மீட்டர். இரண்டாயிரம், மூவாயிரம் பேர் இருந்தால் அந்தக் கரை முழுக்க ஆள் நிறுத்தலாம். அவர்களில் பெரும்பாலோர் போன வழியிலேயே செத்துக் கிடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்தது களைத்த குதிரைகள்மேல் சில நூறு பேர். துரத்தி வருகிறவர்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள் என்று தெரியாது. இந்த ஆட்களை வைத்து 1,300 மீட்டரை எப்படிக் காப்பது? முடியாது. கோட்டையைச் சுருக்க வேண்டும். ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு மண்வெட்டியை எடுக்க வேண்டும்.

ஃப்ரியரும் செயின்ட் ஜோசஃபும் 1974-இல் வெளியிட்ட அறிக்கையில் முன்வைத்த விளக்கம் இதுதான். செரியாலிஸ் தப்பி வந்து புகுந்த பாசறை லாங்தார்ப். உள்கோட்டை, மிஞ்சியவர்கள் தங்களைக் காத்துக்கொள்ள வெட்டியது.

எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவு என்று இதைச் சொல்ல மாட்டேன். படைப்பிரிவு இடம் மாறிப்போய், அதைவிடச் சிறிய பிரிவு ஒன்று வந்து தனக்கேற்றபடி கோட்டையைச் சுருக்கிக்கொள்வது ரோமானிய ராணுவத்தில் சாதாரணமாக நடப்பதுதான். ஒன்பதாம் படையணியின் பிரிவுகள் வேறு இடங்களிலும் தங்கியிருந்தன. செரியாலிஸ் அவற்றில் ஒன்றிலிருந்து கிளம்பியிருக்கலாம். இந்த மறுப்புகளில் நியாயம் இருக்கிறது. இருந்தும் கோட்டையின் அளவு, இறந்தவர் கணக்கு, கைவிடப்பட்ட காலம், குதிரைப்படைச் சாமான், உள்ளே வெட்டிய அகழி என்று இத்தனையும் ஒரே பக்கம் கை காட்டும்போது நான் ஃப்ரியர் பக்கம்தான். டாசிட்டஸ் எழுதாமல் விட்ட ஊரின் பெயரை இதைவிட நெருக்கமாக இதுவரை யாரும் எட்டியதில்லை.

அந்த அகழிக்குப் பின்னால் நின்றவர்கள் எதிர்பார்த்த தாக்குதல் வரவில்லை. பூடிக்கா அவர்களைப் பொருட்படுத்தவே இல்லை. அவள் தெற்கே திரும்பினாள், லண்டினியத்துக்கு. கோட்டைகளை விட்டுவிட்டுச் செல்வம் இருக்கும் இடங்களை நோக்கி அவள் படை போனது என்று டாசிட்டஸே எழுதுகிறார். லண்டினியம் எரிந்தது, வெருலாமியம் எரிந்தது. கடைசிப் போரில் பவுலினஸ் வென்றார். செரியாலிஸின் குதிரைவீரர்கள் அந்த மிகப் பெரிய போரில் இல்லை. கோட்டையில் அடைந்து கிடந்ததுதான் அந்த ஆண்டில் அவர்களுடைய பங்கு. என்னைக் கேட்டால், பூடிக்கா செய்த பெரிய பிழையும் இதுவே. குற்றுயிராகக் கிடந்த படையணியை முடிக்காமல் விட்டாள்.

பிறகு லாங்தார்ப் காலியானது. அகழிகள் தூர்ந்தன. மேலே மண் ஏறியது, பயிர் ஏறியது. இன்று அங்கே கால்ஃப் மைதானம் இருக்கிறது. கலப்பை இனி அந்தப் பக்கம் வராது என்பதால் அதையும் ஒரு பாதுகாப்பு என்றே எடுத்துக்கொள்ளலாம்.

செரியாலிஸ் அத்தோடு ஒழிந்தார் என்று நினைத்தீர்களா? பத்து ஆண்டு கழித்து, கி.பி. 71-இல், அதே தீவுக்கு அவர் ஆளுநராகத் திரும்பி வந்தார். தன் பழைய ஒன்பதாம் படையணியை வடக்கே நகர்த்தி, இன்று யார்க் என்று நாம் அழைக்கும் இடத்தில் அதற்குப் புதிய கோட்டை எழுப்பினார். இந்த முறை முழுப் படையணிக்குமான கோட்டை. கி.பி. 108 வாக்கில் அந்தக் கோட்டை வாசலை அதே படையணி கல்லில் கட்டிப் பேரரசர் டிராஜனின் பெயரைப் பொறித்தது. அந்தக் கல்வெட்டு யார்க்கில் இன்றும் இருக்கிறது.

பிரிட்டனில் ஒன்பதாம் படையணியைப் பற்றி ஆண்டு கணித்துச் சொல்லக்கூடிய கடைசிச் சான்று அதுதான். மார்க்கஸ் அரேலியஸ் காலத்தில் ரோம் நகரில் ஒரு தூணில் பேரரசின் படையணிகள் எல்லாவற்றின் பெயரையும் மாகாண வாரியாகப் பொறித்து வைத்திருக்கிறார்கள். பிரிட்டனின் வரிசையில் இரண்டாவது இருக்கிறது, ஆறாவது இருக்கிறது, இருபதாவது இருக்கிறது. ஒன்பதாவது பிரிட்டனின் வரிசையிலும் இல்லை, வேறு எந்த மாகாணத்தின் வரிசையிலும் இல்லை.

(தொடரும்)